செல்லாஃபீல்டு: தோற்றது தனியாரா, ஒப்பந்தம் எழுதிய அரசா?

#1 கருங்கல்

வேறோர் இழையில் ஒருவர், "அணுநிலையத் துப்புரவைத் தனியாரிடம் கொடுத்த எல்லா நாடுகளும் கையைச் சுட்டுக்கொண்டன" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். இங்கிலாந்தின் வடமேற்கில், இந்தத் துப்புரவுத் துறைக்கு வேலை செய்யும் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் செலவு மதிப்பீட்டாளராக இருக்கிறேன். எனக்குச் சார்பு இருக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பிரிட்டனின் பழைய அரசு அணுநிலையங்களைச் சுத்தம் செய்ய, 2004ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தின்படி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கம் என்.டி.ஏ. நம் ஊர்க் கூட்டணி நினைவுக்கு வந்து சண்டை கிளம்பும் என்பதால் இந்த இழை முழுக்க 'அகற்றல் ஆணையம்' என்றே எழுதப்போகிறேன். 2005 ஏப்ரல் முதல் தேதி அந்தத் தளங்கள் அதன் பொறுப்புக்கு வந்தன. பெரியது கம்பிரியா கடற்கரையில் இருக்கும் செல்லாஃபீல்டு.

அப்போதைய ஏற்பாடு இப்படி: நிலம் அரசுடையது. கட்டடம் அரசுடையது. கழிவும் அரசுடையது. வேலை செய்கிறவர்கள் 'உரிமம் பெற்ற நிறுவனம்' ஒன்றின் ஊழியர்கள். அந்த நிறுவனத்தின் பங்குகளை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பின் கையில் கொடுப்பார்கள். அதற்குத் 'தாய் நிறுவனம்' என்று பெயர். தாய் தன் ஆட்கள் சிலரை மேல் நாற்காலிகளில் உட்கார வைப்பாள், இலக்கை எட்டினால் கட்டணம் பெறுவாள், தவணை முடிந்ததும் பங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஊர்க் கோவிலில் குருக்கள், ஓதுவார், மேளக்காரர், மடைப்பள்ளிக்காரர் எல்லாரும் அப்படியே இருக்க, தர்மகர்த்தா மட்டும் மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தர்மகர்த்தாவுக்கு உண்டியலில் பங்கு உண்டு.

செல்லாஃபீல்டில் 2008 நவம்பரில் அப்படி வந்தது நியூக்ளியர் மேனேஜ்மென்ட் பார்ட்னர்ஸ்: அமெரிக்காவின் யூ.ஆர்.எஸ்., பிரிட்டனின் ஆமெக், பிரான்சின் அரேவா. முதல் தவணை ஐந்தாண்டு, நீட்டித்துக்கொண்டே போனால் 17 ஆண்டு வரை. 2013இல் நீட்டித்தார்கள். 2015 ஜனவரியில் 'இந்த ஏற்பாடு இந்தத் தளத்துக்கு ஒத்துவராது' என்று அறிவித்தார்கள். 2016 ஏப்ரலில் பங்குகள் ஆணையத்திடமே திரும்பின.

நான் கேட்பது ஒன்றுதான். தோற்றது தனியார் நிர்வாகமா? அல்லது எதை விற்கிறோம் என்றே தெரியாமல் ஒப்பந்தம் எழுதிய அரசா?

#2 செம்பருத்தி

இதில் என்ன 'அல்லது'? இரண்டும்தான். ஆனால் கருங்கல், நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே, அணுவிபத்து நடந்தால் வரும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அந்தக் கூட்டமைப்புக்கு அரசு காப்புறுதி கொடுத்துவிட்டது. வெடித்தால் மக்கள் பணம், முடித்தால் கம்பெனிக்குக் கட்டணம். ஆபத்தைத் தனியாருக்குக் கைமாற்றுகிறோம் என்பதுதானே தனியார்மயத்துக்குச் சொல்லப்படும் நியாயம்? இங்கே எந்த ஆபத்து கைமாறியது?

2013 பிப்ரவரியில் மார்கரெட் ஹாட்ஜ் தலைமையிலான பிரிட்டன் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு என்ன சொன்னது என்பதையும் எழுதியிருக்கலாம். 14 பெரிய திட்டங்களில் 12 காலம் தவறியவை. அந்தப் பன்னிரண்டில் ஐந்து, செலவையும் மீறியவை. மொத்தத் துப்புரவுச் செலவின் மதிப்பீடு அப்போது 6,750 கோடி பவுண்டு. இவ்வளவையும் அறிந்த பிறகுதான் அதே ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் பிளம்பர் ஒருவர் பதினான்கு குழாயில் பன்னிரண்டைச் சொன்ன நாளில் முடிக்கவில்லை என்றால், அடுத்த ஆண்டுக்கும் அவரையே வரச் சொல்வீர்களா?

#3 தராசுமுள்

செம்பருத்தி அக்கா, பிளம்பரைத் திட்டுவதற்கு முன் குழாயை அடைத்தது யார் என்று பாருங்கள்.

செல்லாஃபீல்டின் அழுக்கு முழுவதும் அரசு போட்டது. போருக்குப் பிறகு அவசர அவசரமாகக் குண்டுக்கு புளூட்டோனியம் வேண்டும் என்று அங்கே வின்ட்ஸ்கேல் உலைகளைக் கட்டியது அரசு. 1957 அக்டோபரில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தபோது நடத்திக்கொண்டிருந்ததும் அரசு. குளங்களிலும் கிடங்குகளிலும் கழிவைக் கொட்டியபோது, 'இதை ஒருநாள் வெளியே எடுக்கவேண்டுமே' என்று யோசிக்காதவர்களும் அரசு ஊழியர்கள். அதே தளத்தில், தீர்ந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் தார்ப் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாய் உடைந்து 83 கன மீட்டர் அமிலக் கரைசல், யுரேனியமும் புளூட்டோனியமும் கரைந்தது, மாதக்கணக்கில் கீழே கொட்டியிருக்கிறது. 2005 ஏப்ரலில்தான் கண்டுபிடித்தார்கள். அப்போது நடத்தியதும் அரசுக்குச் சொந்தமான நிறுவனமே. ஐந்து லட்சம் பவுண்டு அபராதம்.

தனியார் செய்து முடித்த ஓர் உதாரணமும் சொல்கிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், டென்வருக்குப் பக்கத்தில். இங்கே ராக்கி ஃபிளாட்ஸ் என்று ஓர் அணுகுண்டு உதிரிபாக ஆலை இருந்தது. புளூட்டோனியத்தைக் கடைந்து குண்டின் நடுக்கரு செய்த இடம். 1989 ஜூனில் எஃப்.பி.ஐ.யே உள்ளே புகுந்து சோதனை போட்டது. ஓர் அரசுத் துறையின் ஆலைக்குள் இன்னோர் அரசுத் துறை! 1990களின் நடுவில் எரிசக்தித் துறை போட்ட கணக்கு: சுத்தம் செய்ய 65 ஆண்டுக்கு மேல், 3,600 கோடி டாலருக்கு மேல். கைசர்-ஹில் என்ற கூட்டு நிறுவனம் 1995இல் வந்தது. 2000இல் ஊக்கக் கட்டணத்தோடு புது ஒப்பந்தம்: சீக்கிரம் முடித்தால், சிக்கனமாக முடித்தால், லாபத்தில் பங்கு. 2006 கடைசி வரை கெடு இருந்தும் 2005 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். சுமார் 700 கோடி டாலர் என்பது துறையின் கணக்கு. சுமார் 800 கட்டடங்கள் இருந்த இடத்தில் இப்போது புல் காற்றில் ஆடுகிறது. வாரக் கடைசியில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவன் நான்.

#4 புதியவன்22

ஒரு சின்னச் சந்தேகம். கழிவு எங்கே இருக்கிறது என்று தெரியும், கட்டடம் எது என்றும் தெரியும். அப்படியிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பது எப்படி? பதிவேடு எழுதியிருக்கமாட்டார்களா?

#5 கருங்கல்

புதியவன், எழுதினார்கள், எல்லாவற்றையும் எழுதவில்லை. எழுதியதும் எல்லா இடத்திலும் சரியில்லை.

ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேக்னாக்ஸ் துருவல் கிடங்கு. பிரிட்டனின் முதல் தலைமுறை அணுமின் நிலையங்களில் யுரேனியத் தண்டுகளுக்கு மக்னீசியக் கலப்பு உலோகத்தில் உறை போட்டிருந்தார்கள். எரிபொருள் தீர்ந்ததும் அந்த உறையைத் தேங்காய்த் துருவல் மாதிரி சீவி எடுத்து, 22 அறைகள் கொண்ட கான்கிரீட் கிடங்கில் மேலிருந்து கொட்டித் தண்ணீருக்கு அடியில் வைத்தார்கள். 1964இலிருந்து. மக்னீசியம் தண்ணீரில் அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வரும், சூடும் வரும். பல பத்தாண்டுகளில் உறைத் துருவல் சேறாகிவிட்டது. அதோடு அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த வேறு கழிவுகளும் உள்ளே போயிருக்கின்றன. மேலே இருந்து கொட்டுவதற்குத்தான் வழி வைத்தார்கள். கீழே இருந்து எடுப்பதற்கு வழியே வைக்கவில்லை.

கிட்டே மனிதன் போக முடியாது. அதனால் எடுக்கும் இயந்திரத்தை வடிவமைக்கவே பல ஆண்டுகள். முதல் பிடி கழிவு வெளியே வந்தது 2022இல். முழுதாகக் காலியாவது 2046 என்றார்கள், பிறகு 2059 என்றார்கள். இதற்கிடையில் கிடங்கின் அடியில் கசிவு. 1970களில் ஒருமுறை கசிந்தது. 2018 முதல் மறுபடி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,100 லிட்டர்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு நான் விலைப்புள்ளி போடவேண்டும். கையில் ஒரு எக்செல் தாள். 'சேற்றின் கெட்டித்தன்மை' என்று ஒரு கட்டம். அதில் என்ன எண்ணை எழுதுவேன்?

#6 நெய்தல்வாசி

தம்பி கருங்கல் எழுதியதைப் படித்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது. நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அணு விவகாரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒப்பந்தம் தெரியும்.

எங்கள் வீட்டுத் தோட்டக் கிணறு தூர்ந்துபோய்ப் பல வருடம் கிடந்தது. தூர் வார ஒருவரிடம் மொத்தத் தொகை பேசினேன். எட்டிப் பார்த்தார், கல் கட்டிக் கயிறு விட்டார், 'ஆறடி சகதி இருக்கும்' என்றார். தொகை முடிவானது. ஆறடி எடுத்தார், இன்னும் சகதி. எட்டடி எடுத்தார், இன்னும் சகதி. பத்தாவது அடியில், "ஐயா, பேசினது ஆறடிக்கு" என்று கைவிரித்துவிட்டார். அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? முடியாது. பிறகு நாள்கூலிக்கு மாற்றினேன். அப்புறம் வேலை நத்தை மாதிரி நகர்ந்தது. அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. நான்தான் கிணற்றடிக்குப் போகாமல் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மொத்தத் தொகையும் நாள்கூலியும்தான் உலகத்தில் உள்ள ஒப்பந்தங்கள். மற்றதெல்லாம் இவற்றின் கலப்பு. உங்கள் செல்லாஃபீல்டு ஒப்பந்தம் எந்த வகை?

#7 கருங்கல்

நாள்கூலி வகைதான், ஐயா. ஆன செலவை ஆணையம் கொடுத்துவிடும், இலக்கு எட்டினால் மேலே கட்டணம். வேறு வழியில்லை. சகதி எத்தனை அடி என்று தெரியாத இடத்தில் மொத்தத் தொகைக்கு எவனும் வரமாட்டான். வந்தால் அவன் முட்டாள், இல்லையென்றால் 'கூடுதல் வேலை' என்று பின்னால் பில் போடத் தெரிந்தவன்.

#8 செம்பருத்தி

தராசுமுள், ராக்கி ஃபிளாட்ஸை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். அந்த வெற்றியின் அடியில் எதைக் கூட்டிப் பெருக்கித் தள்ளினார்கள் என்று பார்ப்போம்.

ஒன்று, 'சுத்தம்' என்ற சொல்லின் பொருளே அங்கே பேரம் பேசி முடிவான ஒன்று. மேல்மண் மூன்றடிக்கு ஓர் அளவுகோல், அதற்குக் கீழே இன்னும் தளர்வான அளவுகோல், ஆழத்தில் இருந்த அடித்தளக் கான்கிரீட் சில அப்படியே விடப்பட்டது. ஆலை நின்ற நடுப்பகுதி இன்றும் எரிசக்தித் துறையின் வேலிக்குள் இருக்கிறது. நீங்கள் நடக்கப் போவது அதைச் சுற்றியுள்ள வனவிலங்குக் காப்பகத்தில். அதையும் 2018இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள்.

இரண்டு, கழிவு எங்கே போனது? புளூட்டோனியம் சவன்னா ரிவர் என்ற இன்னோர் அமெரிக்க அணுத் தளத்துக்கு. புளூட்டோனியம் பட்ட கழிவு நியூ மெக்சிகோவின் உப்புச் சுரங்கக் கிடங்குக்கு. என் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டால் என் வீடும் கெடுவுக்கு முன்பே சுத்தமாகிவிடும். செல்லாஃபீல்டு அப்படி எங்கே அனுப்பும்? அதுதான் பிரிட்டனின் கடைசி வீடு. மற்ற எல்லாரும் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

மூன்று, அந்த உப்புச் சுரங்கத்தில் 2014 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? லாஸ் அலமோஸ் அணுவாயுத ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பீப்பாய் பூமிக்கடியில் வெடித்தது. ஈரத்தை உறிஞ்சப் பீப்பாயில் பூனை மணல் போடுவார்கள். களிமண்ணால் ஆன மணல் போடவேண்டிய இடத்தில், தானிய உமி வகையில் செய்த இயற்கை மணலை வாங்கிப் போட்டுவிட்டார்கள். நைட்ரேட் உப்போடு அது சேர்ந்து சூடேறி வெடித்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகக் கிடங்கு மூடிக் கிடந்தது. லாஸ் அலமோஸை அப்போது நடத்தியது பெக்டெல் நிறுவனமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. தனியார் ஒழுங்கு!

#9 புதியவன்22

பூனை மணலா! நிஜமாகவா?

#10 செம்பருத்தி

நிஜம்தான். ஒரு சொல்லை மாற்றி எழுதிய செயல்முறைக் கையேடு. அதைச் சரிபார்க்க வேண்டிய அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

#11 தராசுமுள்

பீப்பாய்க் கதையில் எனக்கு மறுப்பு இல்லை. 'கழிவை வேறிடம் அனுப்ப முடிந்ததால் வென்றார்கள்' என்பதையும் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி: அனுப்ப இடமிருந்தும் அரசு நேரடியாகச் செய்யவில்லையே? 1989இல் ஆலை நின்றது. 1995 வரை காவலுக்கும் பராமரிப்புக்குமே பணம் கரைந்தது. முடித்தால் வேலை போய்விடும் என்று தெரிந்த தொழிலாளிக்கு, முடிப்பதில் ஆதாயம் வரும்படி ஊக்கத்தொகை வைத்தார்கள். அந்த யோசனை ஒப்பந்தத்திலிருந்து வந்தது.

ஹான்ஃபோர்டை யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. நானே எடுக்கிறேன், என் கட்சிக்கு எதிராகவே. வாஷிங்டன் மாநிலம், கொலம்பியா ஆற்றங்கரையில் குண்டுக்குப் புளூட்டோனியம் செய்த பழைய தளம். 177 நிலத்தடித் தொட்டிகள், 5.6 கோடி கேலன் கழிவு. அதைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்க ஓர் ஆலை வேண்டும். 1998இல் அமெரிக்கா இதற்கு முழுத் தனியார்மயத்தை முயன்றது: கம்பெனி தன் காசில் கட்டவேண்டும், கண்ணாடிக் கட்டி வெளியே வந்தால்தான் பணம். நெய்தல்வாசி ஐயா சொன்ன மொத்தத் தொகை வகை. 690 கோடி டாலர் என்று பேசியது, 2000இல் 1,520 கோடியாக ஏறியது. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். அந்தத் 'தனியார்' கம்பெனி யார் தெரியுமா? பி.என்.எஃப்.எல்.! பிரிட்டன் அரசுக்குச் சொந்தமானது, அந்நாளில் செல்லாஃபீல்டை நடத்தியது. உள்ளூரில் அரசு நிறுவனம், கடல் தாண்டினால் தனியார் முதலாளி.

பிறகு நாள்கூலி வகையில் பெக்டெல் வந்தது. 430 கோடி டாலர் என்று தொடங்கிய கணக்கு 2006இலேயே 1,220 கோடி. வேலை நேரத்தைக் கூட்டி எழுதியதாக வந்த குற்றச்சாட்டை 2020இல் பெக்டெலும் அதன் துணை ஒப்பந்ததாரர் ஏகாமும் 5.77 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. அதற்கு முன் 2016இல், தரம் குறைந்த பொருளும் வேலையும் என்ற குற்றச்சாட்டுக்கு 12.5 கோடி. முதல் கண்ணாடி 2025 அக்டோபரில்தான் ஊற்றப்பட்டது, அதுவும் கதிரியக்கம் குறைந்த வகைக் கழிவில்.

இவ்வளவும் ஒரே நாடு, ஒரே துறை. ராக்கி ஃபிளாட்ஸில் வென்ற அதே எரிசக்தித் துறை ஹான்ஃபோர்டில் விழிக்கிறது. ஆகவே, 'தனியாரா அரசா' என்று கேட்டால் விடை வராது என்பது என் எண்ணம்.

#12 நெய்தல்வாசி

ஒரு கொசுறு. போர்க்காலத்தில் ஹான்ஃபோர்டைக் கட்டிக் கொடுத்த டூபாண்ட், செலவு போக லாபமாக வாங்க ஒத்துக்கொண்டது ஒரே ஒரு டாலர். முந்தைய போரில் 'சாவு வியாபாரி' என்று வாங்கிய பெயர் மறுபடி வேண்டாம் என்று. போர் முடிந்ததும் 1946இல் விலகிவிட்டது. ஒரு டாலர் ஒப்பந்ததாரர் இப்போது கிடைப்பாரா என்று கேட்காதீர்கள்.

#13 மட்டுறுத்துநர்

கூட்டணிப் பெயரைச் சாக்காக வைத்து எழுதப்பட்ட மூன்று பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கும் வேறு இழை இருக்கிறது. இங்கே துப்புரவும் ஒப்பந்தமும் மட்டும்.

#14 கருங்கல்

நன்றி. தராசுமுள் கடைசியில் வந்து நின்ற இடத்தில்தான் நான் தொடங்க நினைத்தேன். என் கட்சியைச் சொல்ல எனக்குச் செல்லாஃபீல்டைவிட மேக்னாக்ஸ் கதை வசதி. கொஞ்சம் நீளும்.

பிரிட்டனில் பத்து பழைய மேக்னாக்ஸ் மின் நிலையங்களும் ஹார்வெல், வின்ஃபிரித் என்ற இரண்டு ஆராய்ச்சித் தளங்களும், ஆக 12 தளங்கள். இவற்றைச் சுத்தம் செய்ய 14 ஆண்டு ஒப்பந்தம். 2014இல் கேவன்டிஷ் ஃபுளூர் கூட்டமைப்புக்குப் போனது. தோற்ற கூட்டணியில் இருந்த எனர்ஜி சொல்யூஷன்ஸ் வழக்குப் போட்டது. மதிப்பெண் வித்தியாசம் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மதிப்பெண் போட்டதில் கண்கூடான பிழைகள் உண்டு, சரியாகப் போட்டிருந்தால் வென்றவர் போட்டியிலிருந்தே வெளியேறியிருப்பார். கட்டாயமாக எட்டவேண்டிய சில வரம்புகளை அவர் எட்டவில்லை. அதை எட்டியதாக மதிப்பீட்டாளர்கள் வளைத்துவிட்டார்கள்.

2017இல் சமரசம். தோற்றவர்களுக்கு 9.7 கோடி பவுண்டு. வழக்கறிஞர் செலவும் அலுவலகச் செலவும் சேர்த்தால் 12.2 கோடி. ஒரு கன அடி கழிவுகூட நகராமல் போன பணம்.

கவனியுங்கள், இதில் தனியார் கம்பெனி எந்தத் தப்பும் செய்யவில்லை. டெண்டர் போட்டது, வென்றது. டெண்டரைத் திறந்தவர்தான் தடுமாறினார்.

அடுத்தது இன்னும் மோசம். ஒப்பந்தம் கைமாறியதும் 'ஒத்திசைவு' என்று ஒரு கட்டம் இருந்தது. டெண்டரில் எழுதியதும் தளத்தில் உண்மையில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, விலையைத் திருத்திக்கொள்வது. சின்னத் திருத்தம் என்று எதிர்பார்த்தார்கள். 380 கோடி பவுண்டாக இருந்த வேலை 600 கோடியானது. டெண்டரில் எழுதிய வேலை ஒன்று, தளத்தில் இருந்த வேலை வேறு. இவ்வளவு மாறினால் மறுபடி டெண்டர் விடாமல் தொடர்வது சட்டத்துக்கு நிற்காது. ஒப்பந்தத்தை 2019 ஆகஸ்டு கடைசியோடு முடித்தார்கள். 14 ஆண்டு ஐந்தாண்டானது. 12 தளங்களும் ஆணையத்திடம் திரும்பின. 2021இல் ஸ்காட்லாந்தின் டூன்ரே அணுத் தளமும் தாழ்நிலைக் கழிவுக் கிடங்கும் அதே வழியில் திரும்பிவிட்டன. அதோடு 'தாய் நிறுவனம்' என்ற ஏற்பாடே முடிந்தது.

2020இல் பொதுக் கணக்குக் குழு சுட்டிக்காட்டிய முதல் குறை கம்பெனியைப் பற்றியது அல்ல. தன் சொந்தத் தளங்களின் நிலை என்ன என்பதே ஆணையத்துக்குத் தொடர்ந்து தெரியாமல் இருக்கிறது என்பதுதான்.

சொந்த அனுபவம் ஒன்று, பெயர் வேண்டாம். ஒரு தளத்தில் பழைய பம்ப் அறை ஒன்றைப் பிரிக்கும் வேலைக்கு விலை போட்டோம். கொடுத்த வரைபடத்தில் நான்கு குழாய்கள். போய்ப் பார்த்தால் ஏழு. மூன்று எங்கிருந்து வருகின்றன என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் ஒரு குழாயைக் காட்டி, "இது நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது" என்றார். அவ்வளவுதான் கிடைத்த தகவல். அந்த அறைக்கு நாங்கள் போட்ட விலை கடைசியில் இரண்டு மடங்கைத் தாண்டியது. என் மேலாளருக்கு மகிழ்ச்சி. எனக்கு அன்று வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

#15 தராசுமுள்

சரி, இப்போது என் முறை. பங்குகள் திரும்பி வந்துவிட்டன. அரசுக் கையில் செல்லாஃபீல்டு பத்தாண்டை எட்டுகிறது. கதை மாறிவிட்டதா? 2025 ஜூனில் அதே பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை: மொத்தச் செலவு 13,600 கோடி பவுண்டு. முடியும் ஆண்டு 2125. பழைய கட்டடங்களிலிருந்து கழிவு எடுக்கும் ஆண்டு இலக்குகள் பெரும்பாலும் தவறின. மாற்று ஆய்வகத் திட்டம் ஒன்றில் 12.7 கோடி பவுண்டு வீண். இதற்கும் முன், 2024 அக்டோபரில் கணினிப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நீதிமன்றத்தில் 3,32,500 பவுண்டு அபராதம். அக்கா, இதற்கு எந்தக் கம்பெனியைத் திட்டுவீர்கள்?

#16 செம்பருத்தி

யாரையும் காப்பாற்ற வரவில்லை, திட்டத்தான் போகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது தவறினால் கேட்கவேண்டிய ஆள் ஒருவர். நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் உட்கார்ந்து பதில் சொல்கிறார். முன்பு மூன்று பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்: ஆணையம் தாயைக் காட்டும், தாய் தளத்தைக் காட்டும், தளம் பழைய அரசைக் காட்டும்.

துருவல் கிடங்கிலும் பக்கத்து உறைக் கிடங்கிலும் கழிவு உண்மையிலேயே வெளியே வரத் தொடங்கியது 2022, 2023இல். அதற்கான பொறிகளை வடிவமைத்ததில் தனியார் காலத்துக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், மறுக்கவில்லை.

#17 தராசுமுள்

அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொன்றும்: பங்கு மட்டும்தான் திரும்பியது. இயந்திரம் செய்கிறவர், கட்டடம் கட்டுகிறவர், கருங்கல் மாதிரி விலை போடுகிறவர் எல்லாரும் இன்றும் தனியார்தான். 'அரசு செய்கிறது' என்று நீங்கள் சொல்லும்போது நடப்பது, ஒரு பெரிய ஒப்பந்தத்தை ஆயிரம் சின்ன ஒப்பந்தங்களாகப் பிரித்துக்கொண்டது.

#18 கருங்கல்

ஆமாம், என் சம்பளமே அதிலிருந்துதான். ஆனால் ஆயிரம் சின்ன ஒப்பந்தம் என்பதில் ஒரு நன்மை இருப்பதை உள்ளேயிருந்து பார்க்கிறேன். முன்பு ஏழு குழாய் இருப்பது தெரிந்ததும் செய்தி மேலே தாய் நிறுவனத்திடம் போய், அங்கே பேரத்துக்கான சீட்டாக மாறும். இப்போது தள உரிமையாளரின் பொறியாளர் நேராக வந்து அறையைப் பார்க்கிறார். மெதுவாகத்தான் வருகிறார். சில நேரம் மூன்று வாரம் ஆகிறது. ஆனால் வந்து பார்த்துவிட்டு, அடுத்த அறையின் வரைபடத்தையும் திருத்தி வைக்கச் சொல்கிறார். அடுத்து விலை போடுகிறவனுக்கு அந்தத் தாள் கிடைக்கும், அவன் எங்கள் போட்டியாளனாகவே இருந்தாலும்.

ராக்கி ஃபிளாட்ஸிலும் எனக்கு இதுதான் தெரிகிறது. 1995இல் முதல் ஒப்பந்தம், 2000இல்தான் ஊக்கக் கட்டண ஒப்பந்தம். நடுவில் இருந்த ஐந்தாண்டில் இரு தரப்பும் கட்டடங்களுக்குள் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டார்கள். கற்ற பிறகு விலை பேசினார்கள். மேக்னாக்ஸில் விலையைப் பேசிவிட்டுக் கற்கப் போனார்கள்.

#19 செம்பருத்தி

இதை #1இலேயே எழுதியிருந்தால் நான் பூனை மணல் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் காப்புறுதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. கற்ற பிறகு விலை பேசினாலும், விபத்து என்றால் பணம் யாருடையது? அமெரிக்காவிலும் 1957ஆம் ஆண்டின் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் ஒப்பந்ததாரருக்குக் குடை பிடிக்கிறது. லாபம் எடுக்கிறவர் நனையாத மழை இது. இதற்கு உங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

#20 தராசுமுள்

இல்லைதான். குடை இல்லாவிட்டால் எந்தக் கம்பெனியும் வராது என்பது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

#21 புதியவன்22

நெய்தல்வாசி ஐயா, உங்கள் கிணறு கடைசியில் என்ன ஆனது?

#22 நெய்தல்வாசி

திண்ணையிலிருந்து எழுந்து கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், தம்பி. அதே ஆள், அதே நாள்கூலி. பதினாலு அடி சகதி இருந்தது. அதற்குக் கீழே பழைய மோட்டார் ஒன்று, இரண்டு பித்தளைக் குடம், ஒரு சைக்கிள் சக்கரம். மோட்டாரை உள்ளே விட்டது நான்தான் என்று என் தங்கை இன்னமும் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.